புரட்டாசி லாலிபாப்

திருப்பதியில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெருமாள் தரிசனம் மாதிரி. கிடைக்கும் வரை வரிசை. கிடைத்த பிறகு, நின்று பார்ப்பதற்குள் ஜருகண்டி ஜருகண்டி என்று வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் கங்கம்மா வீட்டு மாடி அறை கிடைத்தபோது தரணி நிபந்தனையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நிபந்தனை ஒன்றுதான். "இந்த மாடிக்கு முட்டகூட ஏறக்கூடாது. அது ஏறுனா நீங்க எறங்கணும்."

அந்த ஊரில் கங்கம்மா என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஜாத்திரை வந்தால் அதே பெயருள்ள அம்மனுக்கு ஊரே கோழி அறுக்கிறது. இந்தக் கங்கம்மாவும் பிறவிச் சைவம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புருஷன் முனுசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்தபோது, "ஆளைத் திருப்பிக் கொடு, இனி எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது" என்று ஏழுமலையானிடம் பேசி முடித்துவிட்டாள். ஏழுமலையானும் ஒப்புக்கொண்டார். வேண்டிக்கொண்டது அவள், விட்டது முனுசாமி. மயக்கத்தில் கிடந்தவரை யார் போய்க் கேட்பது.

கங்கம்மா தெலுங்குக்காரி. கொஞ்சுவது, நலம் விசாரிப்பது, வாடகை கேட்பது எல்லாம் தெலுங்கில்தான். திட்டும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள். தரணிக்கு ஒரு சொல்கூட வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறை.

தரணி நாகலாபுரத்துப் பெண். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சித்தூர் சாலையில் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். பாலில் மாவு கலந்திருக்கிறதா, யூரியா கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பாலோடு பழகுவது அவளுக்குப் பிடித்திருந்தது. பால் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மனிதர்கள் முன்னால் அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். "இவ வாயத் தொறக்கறது கொட்டாவிக்கும் சோத்துக்கும்தான்" என்பாள் அறைத்தோழி பத்மாவதி.

பத்மாவதி பலமனேர்க்காரி, தெலுங்குப் பெண், துணிக்கடையில் பில் போடுகிறாள். தரணி பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

தரணியின் அப்பா அப்பாவு மகளை வேலைக்கு அனுப்பியது அரை மனசோடுதான். "வீட்டுக்காரங்ககிட்ட இருந்து ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, அன்னிக்கே மூட்டையக் கட்டிக்கினு வந்துடணும்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். மூட்டை எங்கே போய்ச் சேரும் என்பதும் தெரிந்த விஷயம். பிச்சாட்டூரில் மாமன் மகன் பாபு காத்துக்கொண்டிருந்தான். பாபு கெட்டவன் இல்லை. அவனிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அதைப் பற்றி மட்டுமே பேசுவான். ஒரு முறை அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே தரணி உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். விழித்தபோது அவன் இன்னும் பின்சக்கரத்தைத் தாண்டியிருக்கவில்லை.

தீபாவளி கழிந்தால் வேலை நிரந்தரம் என்று பரிசோதனைக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவரை மாடி நிற்க வேண்டும். மாடி போனால் வேலை போகும், வேலை போனால் டிராக்டர்.

இதில் கோழிக்கு என்ன இடம் என்று கேட்கலாம். தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சிரஞ்சீவியின் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நின்றது. தடை மாடிக்குத்தானே ஒழிய வயிற்றுக்கு இல்லை என்பது பத்மாவின் சட்ட விளக்கம். வாரத்தில் ஒரு சாயங்காலம் இருவரும் அங்கே போய்ச் சிக்கன் லாலிபாப் ஒரு பிளேட் வாங்கி நடுவில் வைத்துச் சண்டை போட்டுத் தின்பார்கள். வாய் கொப்பளித்து, பாக்கு போட்டுக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் நிற்கும் முகத்தோடு மாடி ஏறுவார்கள்.

புரட்டாசி வந்தது. தரணி வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. திருப்பதியில் இருந்துகொண்டு பெருமாள் மாதத்தை மீறுகிற தைரியம் அவளுக்கு இல்லை. பத்மாவுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்றே தெரியாது. அவள் கவிச்சியை விடுவது தெலுங்குக் கார்த்திகத்தில். இவளுடைய மாதம் முடிந்து, தீபாவளிக்கு ஒரு மூச்சு விட்டதும், அவளுடைய மாதம் தொடங்கிவிடும். சூரியனைப் பார்த்து மாதம் எண்ணும் குடும்பம் ஒன்று, சந்திரனைப் பார்த்து எண்ணும் குடும்பம் ஒன்று. நடுவில் கோழிகள் நிம்மதியாக இருந்தன.

"நீ துன்ற நேரம் நான் துன்னக்கூடாது, நான் துன்ற நேரம் நீ துன்னக்கூடாது" என்றாள் பத்மா. "ரெண்டு பேரு புடுங்கித் துன்னாதான் அது சிக்கன். ஒருத்தியா நின்னு துன்னா மருந்து. அதுக்கு முழு பிளேட்டு காசு வேற."

தரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கோழி இல்லாம பண்ணலாம்" என்றாள்.

அந்த வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மறுநாள் சாயங்காலம் வண்டிக்குப் போனார்கள். பத்மா தின்றாள். தரணி பக்கத்தில் நின்று பார்த்தாள், மோந்தாள். மூக்குக்கு விரதம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. சிரஞ்சீவி முன்னமே மாவில் புரட்டிப் பொரித்து வைத்திருந்ததை மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தான். பக்கத்து அடுப்பில் வாணலி பழுக்கக் காய்ந்தது. பூண்டு, பச்சைமிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை. சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர், சிவப்புக் கலர், ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. தீ வாணலிக்கு மேலே எழும்பியபோது லாலிபாப்பை உள்ளே தள்ளி நாலு குலுக்குக் குலுக்கினான். தெருமுனை வரை மணத்தது.

தரணிக்கு விஷயம் புரிந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்தில் கோழிக்கு வேலையே இல்லை. கோழி ஒரு சாக்கு.

வண்டியைச் சுற்றி வந்து சாஸ் புட்டியின் பெயரைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனாள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில், அந்தப் புழுக்கத்தில், குரங்குக் குல்லா போட்ட ஒருவர் முன்னால் குனிந்து நின்று லாலிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முனுசாமி.

தினமும் சாயங்காலம் மலையடிவாரத்து அலிபிரி வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர். இவ்வளவு நடந்தும் வயிறு ஏன் குறையவில்லை என்று கங்கம்மா டாக்டரிடமே கேட்டிருக்கிறாள்.

"மாத்திர வாங்க வந்தேன் பாப்பா" என்றார் முனுசாமி. கையில் எலும்பு இருந்தது.

தரணி தலையாட்டினாள். மாத்திரையைப் பற்றி அவள் பத்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டை மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும். சிரஞ்சீவியின் ஒரு பிளேட் விலைக்கு ஒரு வாரம் தின்னலாம். முதல் தடவை செய்தபோது அது ஈரத் துடைப்பத் துணி போல இருந்தது. பத்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "தரை தொடச்சிட்டு வந்து துன்னலாம், ரெண்டு வேலயும் முடிஞ்சிடும்" என்றாள்.

தரணி அசரவில்லை. தப்பு தண்ணீரில் இருந்தது. உப்பும் இஞ்சியும் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் கட்டிப் பிழிந்தாள். பிழிந்ததை மறுபடி பிழிந்தாள். மிக்சியில் மைய அரைக்காமல் ஒரு சுற்றோடு நிறுத்தினாள், நார் நாராக நிற்கட்டும் என்று. பிடிமானத்துக்கு வாழைக்காயை வேகவைத்துப் பிசைந்தாள். சோளமாவு, மைதா, மிளகாய்த்தூள். பகலெல்லாம் கலப்படத்தைக் கண்டுபிடிப்பவள் சாயங்காலமானால் மாடியில் கலப்படம் செய்தாள். இரண்டும் ஒரே படிப்புதான்.

கங்கம்மா மாடிப்படியில் நின்று மோந்து பார்த்து, "ஏமி வாசன?" என்பாள். "காலிபிளவர் ஆண்டி" என்பாள் பத்மா. அதோடு போகும்.

ருசி வந்த பிறகும் பத்மாவுக்கு ஒரு குறை இருந்தது. "புடிக்க ஒண்ணுமே இல்லயே. எலும்பு இல்லாத லாலிபாப் இன்னா லாலிபாப், போண்டா."

ஐஸ் குச்சி கருகியது. கேரட் வளைந்தது. அந்த வாரம் ஊரிலிருந்து அப்பாவு, தரணியின் நைனா, பஸ்ஸில் ஒரு கட்டுக் கரும்பு போட்டு அனுப்பியிருந்தார். தரணி ஒரு கழியைச் சீவி விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, துண்டுகளைப் பிளந்து, ஒரு முனையைக் கொஞ்சம் பருமனாக விட்டு மற்றதை ஒல்லியாகச் செதுக்கினாள். சோயாவைச் சுற்றி அப்பி எண்ணெயில் விட்டபோது வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை மெல்லப் பழுத்து, பழுப்பேறி, கணுவோடு சேர்ந்து அசல் எலும்பாக மாறியது. இருவரும் வாணலியைக் குனிந்து பார்த்தார்கள்.

"பாவம்" என்றாள் பத்மா மெதுவாக. "யார் பெத்த கோழியோ."

அன்று சனிக்கிழமை. தரணிக்கு அரைநாள். கங்கம்மா கோவிந்தராஜர் கோயிலுக்குப் போயிருந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, பிளேட்டை நடுவில் வைத்து, புரட்டாசியில், சனிக்கிழமையில், ஒரு பாவமும் செய்யாமல் லாலிபாப்பைப் பிடுங்கித் தின்றார்கள். தரணிக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகாய்தான். மிச்சம் மூன்றை மூடி வைத்தார்கள். எலும்புகளைக் குப்பைக்கூடையில் போட்டு மொட்டைமாடியில் வைத்தார்கள். கூடையை மூடவில்லை.

கங்கம்மா கோயிலிலிருந்து வந்து, நெற்றித் திருச்சூர்ணம் காயாமல், துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். ஒரு காக்கா மாடியிலிருந்து இறங்கித் துளசி மாடத்தின் மேல் உட்கார்ந்தது. வாயில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தது. சனிக்கிழமை அன்று சனீஸ்வரனின் வண்டியே நேரில் வந்து சாட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனது.

"எறங்கி வாங்கடி ரெண்டு பேரும்."

தமிழ்.

முற்றத்தில் கங்கம்மா இடுக்கியால் அதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். ஒரு ஓரமாக முனுசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னா?"

"கரும்பு ஆண்டி" என்றாள் பத்மா.

"கரும்பு செவப்பா இருக்குமா?"

"கலர் போட்டோம்."

"சுத்திலும் கறி ஒட்டிக்கினு கீதே?"

"சோயா ஆண்டி. மீல்மேக்கர்."

"சோயாவுக்கு எப்போடி எலும்பு மொளச்சது?"

"அதான் கரும்புன்னு சொல்றனே."

"கரும்புக்கு எப்போடி கறி மொளச்சது?"

கங்கம்மாவின் பக்கம் நியாயம் வலுவாக இருந்தது. "நாக்குல வெச்சுப் பாருங்க ஆண்டி, தெரிஞ்சிடும்" என்றாள் பத்மா கடைசியாக.

"எங்க வீட்டு வேண்டுதல நாக்குல வெச்சுப் பாக்கச் சொல்றியா. நல்லா கீதுடி உங்க ஊரு நியாயம்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, திண்டின் மேல் வைத்தாள். நாகலாபுரத்தில் மணி அடித்தது.

"அப்பாவுகாரு, உங்க பொண்ணு என் மாடில கோழி வறுத்துக்கினு கீது."

"புரட்டாசிலயா?" என்றது போன்.

"என் மாடிலங்க."

"சனிக்கிழம ஆச்சேம்மா. புரட்டாசி சனிக்கிழமயா?"

"எந்தக் கெழமயா இருந்தா எனக்கு இன்னா, என் மாடில ஏறக்கூடாதுன்னு சொல்லித்தானே குடுத்தேன்."

ஒரே கோழிக்கு இரண்டு குற்றப்பத்திரிகை. ஒன்று இடம் பற்றியது, மற்றது காலம் பற்றியது. இரண்டிலும் தரணிதான் குற்றவாளி.

"தரணி. கண்ணு. நெஜமா?"

தரணி வாயைத் திறந்தாள். இல்லை நைனா என்று சொல்ல நினைத்தாள். காற்று மட்டும் வந்தது. போனில் காற்று போகாது.

மனசுக்குள் அவள் சும்மா இல்லை. அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு நீலமாகும், பாலில் தினமும் செய்வதுதான். ஆனால் அசல் லாலிபாப்பின் மேலும் மாவு உண்டு. அயோடினுக்கு மாவு தெரியும், கோழி தெரியாது. பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் எல்லாக் கருவியையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். இது கோழி இல்லை என்று சொல்லக்கூடிய கருவி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கோழி தின்று பழகிய நாக்கு. லாலிபாப்பாகவே தின்று பழகிய நாக்காக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த நாக்கு செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தது. தரணி அந்தப் பக்கம் பார்த்தாள். செய்தித்தாள் மெல்ல மேலே ஏறி முகத்தை முழுக்க மறைத்தது.

ஒரு வார்த்தை போதும். மாத்திரை என்று சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. அது நாகரிகமா கூச்சமா என்று அவளுக்கே தெரியாது. கூச்சத்துக்கு வெளியில் நல்ல பெயர்கள் நிறைய உண்டு.

"பேச மாட்டேங்குதே. அப்போ நெஜம்தான்" என்றது போன். "மன்னிச்சுக்குங்கம்மா. திங்கக்கிழம காலைல பாபுவ அனுப்பறேன், மூட்டைய ஏத்திக்கினு வந்துடுவான். டிராக்டர் சும்மாதான் நின்னுகினு கீது."

டிராக்டர் என்ற சொல் முற்றத்தில் விழுந்தது. தரணிக்குப் பிச்சாட்டூர் சாலை முழுதும் தெரிந்தது. முன்சக்கரம், பின்சக்கரம், அதற்கப்புறம் டீசல் கணக்கு, அதற்கப்புறம் ஏர், ஆயுசு முழுக்க.

அவள் திரும்பி மாடிப்படி ஏறினாள். "எங்கடி போற?" என்றாள் கங்கம்மா. மூடி வைத்த பிளேட்டோடு இறங்கி வந்தாள். மூடியை எடுத்தாள். பூண்டும் கறிவேப்பிலையும் வினிகரும் ஒன்றாக எழுந்தன. கங்கம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். தரணி நேராகப் போய், முனுசாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் பிளேட்டை வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்றாள்.

செய்தித்தாள் அசையாமல் இருந்தது. பிறகு அதற்குக் கீழிருந்து ஒரு கை வந்தது. பிளேட்டின் மேல் கொஞ்சம் தயங்கியது. திரும்பிப் போயிற்று. அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கை மறுபடி வந்தது.

முனுசாமி செய்தித்தாளை மடித்துத் தொடையில் வைத்தார். எலும்பைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே பிடித்தார். இடது உள்ளங்கையைக் கீழே ஏந்தினார். சட்டையில் சொட்டாதபடி முன்னால் குனிந்து, நுனியிலிருந்து கடித்து, மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தார். ஒரே இழுப்பு. சதை முழுவதும் வாய்க்குள் போய், எலும்பு சுத்தமாகக் கையில் நின்றது. கண்ணை மூடி மென்றார். பிறகு எலும்பைப் பக்கப் பல்லில் கொடுத்து நொறுக்கினார்.

"கரும்பு" என்றார்.

சக்கையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"சுத்தி இருக்கறது கோழி இல்ல. நான் சொல்றேன். புள்ளைங்கள விட்டுடு."

கங்கம்மா இடுக்கியைக் கீழே வைத்தாள். புருஷனிடம் அவள் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போது பேசினாள், ரொம்ப மெதுவாக.

"குனிஞ்சு துன்றீங்க."

"சட்டைல ஒழுகும்ல."

"ஒழுகும்னு எப்படித் தெரியும்? நம்ம வீட்டுல கோழிக் கொழம்பு வெச்ச காலத்துல குச்சி ஏது?"

முனுசாமி கரும்புச் சக்கையைக் கையில் துப்பிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"எலும்ப ஒரு முறுக்கு முறுக்குனீங்க. அது எங்க கத்துக்கினீங்க, அலிபிரிலயா?"

அவர் நினைத்திருந்தால் அப்போதுகூடச் சமாளித்திருக்கலாம். சித்தூர் பஸ் ஓட்டின காலத்தில் தாபாவில் யாரோ தின்றதைப் பார்த்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் ருசி இருந்தது. ருசி இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான்.

"சிரஞ்சீவி வண்டில எலும்புகிட்ட கொஞ்சம் வேகாம நிக்கும். இதுல இல்ல" என்றார். "காரம்கூட இதுல நிதானமா கீது."

"எத்தினி நாளா?"

"அவன் வண்டி போட்டதுல இருந்து."

"சாமிக்கு வேண்டிக்கினு விட்டதுங்க."

"வேண்டிக்கினது நீ."

"நீங்க பொழைக்கணும்னுதானே."

"பொழச்சேன் இல்ல. பொழச்சவனுக்குப் பசிக்குது கங்கா."

கங்கம்மா திண்டில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று தரணி பயந்தாள். அவள் அழவில்லை. குரங்குக் குல்லா அடிக்கடி ஏன் துவைக்கப் போடப்படுகிறது என்பதை இப்போதுதான் யோசிக்கிறவள் போல இருந்தாள்.

"அம்மா, லைன்ல கீறீங்களா?" என்றது போன். எல்லாரும் அதை மறந்திருந்தார்கள். "இன்னா ஆச்சு?"

"கோழி இல்லயாம் அப்பாவுகாரு" என்றாள் கங்கம்மா. "சாட்சி கெடச்சிடுச்சு."

"யாரும்மா சாட்சி?"

"நல்லா தெரிஞ்சவரு."

"அப்படின்னா சரி." போன் மூச்சு விட்டது. "தரணி, அதுல பூண்டு போட்டியா? புரட்டாசி சனிக்கிழமல பூண்டு ஆகாது, தெரியும் இல்ல?"

பத்மா எட்டிப் போனை அணைத்தாள். "சிக்னல் போயிடுச்சு" என்றாள் பொதுவாக.

முக்காலியில் இன்னும் இரண்டு இருந்தன. கங்கம்மா எழுந்து வந்து ஒன்றை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் விட்டவள்தானே. விட்டபோது அவளையும் யாரும் கேட்கவில்லை, அவளைத் தவிர. எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு கடித்தாள். முறுக்கத் தெரியவில்லை. பாதி சதை எலும்பிலேயே நின்றது. ரொம்ப நேரம் மென்றாள்.

"தீன்லோ உப்பு தக்குவ" என்றாள், திரும்பாமலே.

உப்பு கம்மி. தெலுங்கில் சொன்னாள். தரணிக்கு உயிர் வந்தது.

பிறகு எல்லாமே தெலுங்கில்தான் நடந்தது. இனிமேல் வீட்டுக்காரர் சாயங்காலம் நடக்கப் போகமாட்டார். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் மாடியில் இது பொரிய வேண்டும், கீழே ஒரு பிளேட் வரவேண்டும், பூண்டு இல்லாமல். எண்ணெயும் சோயாவும் கீழ்வீட்டுச் செலவு. மாடிப்படி ஏறி இறங்குவதே அவருக்குப் போதுமான நடை. முனுசாமி இதை எல்லாம் தலைகுனிந்து கேட்டார். கேட்டபடியே கடைசி லாலிபாப்பைப் பிளேட்டோடு தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சேஸ்தாவா அம்மாயி?" என்று கேட்டாள் கங்கம்மா. செய்வாயா என்று.

எல்லாரும் தரணியைப் பார்த்தார்கள். பத்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். தரணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செய்றேன்மா" என்றாள். "எனக்கு ஒரு பெரிய இரும்பு வாணலி வேணும். கரும்பும் தீந்துபோச்சு."

வாணலி அன்றைக்கே கீழ்வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது. ஒரு காலத்தில் அந்த வீட்டில் கோழி வறுத்த வாணலி.

கரும்பு திங்கட்கிழமை காலையில் வந்தது. டிராக்டரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தரணி போன் செய்து கரும்பு கேட்டபோது நைனா, "பாபுகிட்ட வண்டி எடுன்னு சொல்லிட்டேன், அவனும் கழுவி வெச்சிட்டான். வெறும் வண்டியா வரணுமேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்று சொல்லியிருந்தார். அவ்வளவு தூரமும் ஓட்டிக்கொண்டு வந்து, தெருவை அடைத்து நிறுத்தி, பாபு இறங்கினான். முகமெல்லாம் புழுதி.

"மாமா மொதல்ல மூட்டைய ஏத்திக்கினு வரச் சொன்னாரு. அப்பறம் கரும்ப எறக்கிட்டு வரச் சொன்னாரு" என்றான். "வர வழில புத்தூர்கிட்ட பாரு, பின்சக்கரம்..."

நிறுத்தினான். கரும்புக் குவியலைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். "ரெண்டு பேருக்கு இவ்ளோ கரும்பு எதுக்கு?"

தரணி முதல் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"எலும்பு பண்ண" என்றாள்.

பாபு டிராக்டரில் சாய்ந்து நின்றான். எலும்பைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.